குடுத்தாச்சு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் அது ஒழுங்காக அச்சாகி வந்தது. ஆனால் அலுவலகத்தில் அவர் பெயர் முன்னேற்றம். "முன்னேற்றம் லிஃப்டுல ஏறிடுச்சு, ஃபோனை உள்ள வைங்கப்பா" என்று கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்குத் தகவல் போகும். என்றைக்காவது "முன்னேற்றத்துக்கு ஜலதோஷம், இன்னிக்கு வராது" என்று செய்தி வந்தால் மாடி முழுக்க முகங்கள் மலரும்.

தண்ணீர்க் குழாய் செய்கிற அந்தக் கம்பெனியில் அவர் பயிற்சித் துறைத் தலைவர். துறை என்பது அவர், ஒரு புரொஜக்டர், அந்தப் புரொஜக்டரை எங்கே தட்டினால் எரியும் என்று தெரிந்த ஒரு பெண். குழாய் விற்பவர்களையும் குழாய் பொருத்துபவர்களையும் வரிசையாக உட்கார வைத்து, மனிதன் நாள்தோறும் முன்னேறிக்கொண்டே இருக்கலாம், வயது ஒரு பொருட்டே அல்ல என்று சொல்வது அவர் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதால் இதுவரை யாரும் மறுத்ததில்லை. பலர் தலையைக் கூட ஆட்டுவார்கள், தூக்கத்தில்.

கடைசிப் படத்தில் அவரே வருவார். தொப்பி, ஒரு கையில் மட்டும் உறை, கண்ணில் தொலைநோக்கு. பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு.

"இது யாரோட கோடு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லிவிடக் கூடாதே என்ற அவசரத்தில், "என்னோடது" என்பார்.

கோல்ஃபில் ஹேண்டிகேப் என்று ஓர் எண் உண்டு. நன்றாக ஆடத் தெரிந்தவனைவிட நீங்கள் எத்தனை அடி கூடுதலாக அடித்துத் தொலைப்பீர்கள் என்று கணக்குப் பார்த்து, அதைக் கிளப் உங்களுக்கு மன்னித்துவிடும். எண் சிறுத்தால் ஆட்டக்காரர் பெருத்துவிட்டார் என்று பொருள். குறைந்துபோனதற்காக மனிதன் மார்தட்டுவது உடல் எடை, ரத்தச் சர்க்கரை, ஹேண்டிகேப் ஆகிய மூன்றுக்குத்தான். முதல் இரண்டில் தட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் முன்னேற்றம் மூன்றாவதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பல வருடங்கள் அந்த எண் இருபத்திரண்டிலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. அவரும் விடவில்லை. புது மட்டைகள் வாங்கினார். முழங்கைக்கு ஒரு பட்டை, முழங்காலுக்கு ஒரு பட்டை, கட்டைவிரலை நேராக வைக்க ஒரு பிளாஸ்டிக் சாமான் என்று வாங்கினார். படுக்கையறையில் வீசிப் பழகியதில் தொங்கு விளக்கு ஒன்று காலமானது. எண் அசையவில்லை. பிறகு மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட அழைத்துப் போக ஆரம்பித்தார். அன்றிலிருந்து கோடு இறங்க ஆரம்பித்தது. இருபத்தொன்று, இருபது, பத்தொன்பது என்று படிப்படியாக இறங்கி இப்போது பதினேழு. ஐம்பத்தாறு வயதில்!

"எப்படி சார் திடீர்னு எறங்குச்சு?" என்று விற்பனைப் பிரிவு இளைஞன் ஒருவன் கேட்டான். தூங்காமல் இருப்பதற்காகக் கேட்ட கேள்வி.

"மனசு" என்று முன்னேற்றம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மனசு அங்கே இருப்பதாக அவர் துறையில் ஒரு நம்பிக்கை. "கை பண்ணலப்பா. கால் பண்ணல. மனசு பண்ணுது."

கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பைப் போட்டி. பதினெட்டும் அதற்குக் கீழும் உள்ளவர்கள்தான் ஆடலாம். இந்த வருடம் முதல் தடவையாக அவர் பெயரும் பட்டியலில் ஏறியது. மனிதர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாயைத் திறக்காமல் முன்னேறுவது எப்படி என்று அவர் பாடத்தில் இல்லை. "ஞாயித்துக்கிழமை போட்டி. திங்கக்கிழமை இந்தக் கோட்டுல புதுசா ஒரு புள்ளி வரும். நீங்களே பாப்பீங்க" என்று மூன்று வகுப்புகளில் அறிவித்தார். செய்தி முதலாளியின் காதுக்குப் போய், "திங்கட்கிழமை நானும் வந்து உக்கார்றேன்" என்று அங்கிருந்து பதில் வந்தது. அன்று முழுக்க முன்னேற்றம் தரையில் நடக்கவில்லை.

மருமகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பெரிய கட்டடங்களில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் சிக்கிக்கொண்டவர்களிடம், வெளியே நின்றுகொண்டு, "பயப்படாதீங்க, இதோ ஆச்சு" என்று தன்மையாகப் பேசிப் பேசியே அவன் குரல் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. கோல்ஃபுக்குப் புதிதாக வந்தபோது, பந்தைக் கடைசியில் குழிக்குள் தட்டிவிடும் குட்டை மட்டைக்குப் பட்டர் என்று பெயர் என்பதே அவனுக்குத் தெரியாது. "பட்டர் எடுங்க மாப்ள" என்று மாமனார் சொன்னபோது சாப்பாட்டுப் பையைத் துழாவி, "ரொட்டி மட்டும்தான் இருக்கு மாமா" என்றவன். அடுத்த சில மாதங்களிலேயே மாமனாரைவிடத் தூரமாக அடிக்க ஆரம்பித்துவிட்டான். அதை அவன் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, மாமனாரும் கவனிக்கவில்லை.

நண்பர்கள் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. பந்து குழிக்கு மிக அருகில் வந்து நின்றால், இனி இது எப்படியும் விழத்தான் போகிறது, எதற்கு வீணாகக் குனிந்து தட்டிக்கொண்டு என்று எதிராளி பெரிய மனது பண்ணி, "குடுத்தாச்சு" என்பான். உடனே பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். விழுந்ததாகக் கணக்கு. பந்துக்கும் குழிக்கும் ஒரு சாண் இருந்தால் கொடுப்பது மரியாதை.

போட்டிக்கு முந்தின நாள் மாலை மருமகன் வீட்டுக்கு வந்து, மாமனாரின் மட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டரை மட்டும் வெகு நேரம் துடைத்தான்.

"மாமா, நாளைக்குப் போட்டில குடுக்கறது எல்லாம் கிடையாது, இல்ல?"

"அது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே மாப்ள. எல்லாப் பந்தையும் உள்ள போட்டுத்தான் ஆகணும்."

"அதான்... கொஞ்சம் கிட்டத்துல இருந்து தட்டிப் பழகிக்கலாமா? இப்பவே? கம்பளத்து மேல ஒரு டம்ளர் வெச்சு..."

முன்னேற்றம் சிரித்தார். வகுப்பில் சிரிக்கும் அதே சிரிப்பு. "மாப்ள, மலை ஏறுறவன் வாசப்படி ஏறிப் பழகுவானா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடிவிட்டு ஒரு நிமிடம் இந்தப் பக்கம் காது கொடுத்தாள். பிறகு திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை கிளப்பில் அவரோடு ஆடச் சீட்டில் விழுந்த மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டர். எல்லா ஞாயிறும் மாமனார், மருமகன் கூட ஆடுகிற பழைய சிநேகிதர். பதினைந்து வருடமாக அவர் எண் பதினெட்டிலேயே இருக்கிறது. கேட்டால், "நான் மரம்யா. நட்ட எடத்துல நிப்பேன். நீதான் நடக்கற மரம்" என்பார். இன்னொருவரைக் கிளப்பில் எல்லோரும் விதி என்று அழைத்தார்கள். கிளப்பின் விதிக்குழுத் தலைவர். ஓய்வு பெறும்வரை கடைகடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்த ஆய்வாளர். சட்டைப் பையில் விதிப்புத்தகம் எட்டிப் பார்க்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மூன்று பேரின் பெயரையும் பலகையில் பார்த்த பல் டாக்டர், "முன்னேற்றமும் விதியும் ஒண்ணாப் போகுது. நடுவுல என் பல்லு போகாம இருந்தா சரி" என்றார்.

மருமகன் மாமனாரின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

முதல் குழியில் முன்னேற்றம் பிரமாதமாக ஆடினார். முதல் அடி நேராகப் போனது. இரண்டாவது ஒரு மரத்தின் யோசனையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும், மூன்றாவதில் பந்து கிரீனுக்குள் போய்விட்டது. கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. அங்கே தொலைவிலிருந்து ஒரு தட்டு தட்டினார். பந்து உருண்டு குழிக்கு ஒரு முழம் முன்னால் வந்து சமர்த்தாக நின்றது. அவர் நடந்து போனார், குனிந்தார், பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழியைப் பார்க்க நடந்தார்.

அவர் பாதி வழி போனபிறகு பின்னாலிருந்து விதியின் குரல் கேட்டது.

"சார், பந்தை ஏன் எடுத்தீங்க?"

"எந்தப் பந்தை?"

"உங்க பேன்ட் பையில இருக்கே, அந்தப் பந்தை."

முன்னேற்றம் பையைத் தொட்டுப் பார்த்தார். பந்து இருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறவனுக்குக் கழற்றியது ஞாபகம் இருக்குமா? அப்படித்தான் எடுத்திருக்கிறார்.

"பழக்க தோஷம்" என்றார்.

"இருக்கட்டும். பழக்கத்துக்கு ஒரு அடி தண்டம். பந்தை இருந்த எடத்துலயே வெச்சுத் தட்டுங்க."

வைத்தார். பட்டரைப் பிடித்து நின்றார். ஒரு முழம். நடுவே புழு பூச்சி கூட இல்லை. தட்டினார். பந்து குழியின் வலது ஓரமாகப் போய், எட்டிப் பார்த்து, பிடிக்காமல் அப்பால் நகர்ந்தது. திரும்ப வந்து தட்டினார். அது இடது ஓரமாகப் போனது. மூன்றாவது தட்டில் விழுந்தது. பந்து குழியின் அடியில் போய் விழும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது குழியிலும் அதே கதை. அடி எல்லாம் சரியாகப் போகிறது. பந்து பக்கத்தில் வந்து நிற்கிறது. நின்ற இடத்திலிருந்துதான் வம்பு. மூன்றாவதில் அவர் தன்னுடைய பாடத்தையே தனக்கு எடுத்தார். மூச்சை இழு. இலக்கைப் பார். விளைவை மற. புன்னகை செய். ஐந்தாவது ஒன்று உண்டு, அது ஞாபகம் வரவில்லை. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டிவிட்டது. பந்து தாண்டிப்போய் ஒரு முழத்தில் நின்றது.

"குடுத்தாச்சு மாமா!"

மருமகன்தான். லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசும் அதே இதமான குரல். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

விதி மெதுவாகத் திரும்பினார். குறைந்த எடையில் பருப்பு போட்ட கடைக்காரனைப் பார்க்கிற பார்வை. "தம்பி, நீங்க பை தூக்க வந்திருக்கீங்க. தானம் பண்ண வரல."

முன்னேற்றம் அந்தக் குழியை எப்படியோ முடித்தார். அடுத்த குழிக்குப் போகும் வழியில் குடிதண்ணீர் வைத்திருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. விதி தள்ளி நின்று அடிக்கணக்குக் கார்டில் எழுதிக்கொண்டிருந்தார். முன்னேற்றம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டார்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"எது மாமா?"

"மாப்ள."

மருமகன் பையை இறக்கி வைத்தான். "ஆரம்பத்துல இருந்தே மாமா."

"எவ்வளவு தூரம் வரைக்கும் குடுத்தீங்க?"

"மொதல்ல ஒரு சாண்தான். நியாயமாத்தான் குடுத்தேன். அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு ரொம்பக் கோவம், ஞாபகம் இருக்கா, மட்டையைத் தண்ணில போட்டீங்க. அன்னிக்கு ஒரு முழம் ஆயிடுச்சு. ஆனதைக் கொறைக்க முடியல மாமா. கொறைச்சா கண்டுபிடிச்சுடுவீங்களேன்னு..."

"போன மாசம்?"

"போன மாசம்... ஒரு ஆள் படுக்கலாம்."

"அதுவும் நெட்டையான ஆளு" என்றார் பல் டாக்டர்.

முன்னேற்றம் அவர் பக்கம் திரும்பினார். "யோவ், நீயும் பாத்துக்கிட்டுதானே இருந்த? ஞாயித்துக்கிழமை கார்டுல எல்லாம் கையெழுத்துப் போட்டது நீதானே?"

"நான் பல் டாக்டர்யா. வலிக்காதுன்னு சொல்லியே பழகிட்டேன்."

"ஒருத்தருக்குக் கூட சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. நீ படம் எல்லாம் போட்டுக் காட்டறேன்னு சொன்னதும் அடங்கிடுச்சு. இவ்ளோ ஒசரத்துல ஏறி நிக்கறவன்கிட்ட ஏணியைப் பத்தி எப்படிப் பேசறது?"

மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மாமா, மத்ததெல்லாம் நெசம். நீங்க தூரமா அடிக்கறது நெசம். குழிக்குப் பக்கத்துல வந்ததெல்லாம் நீங்க அடிச்சு வந்ததுதான். நான் குடுத்தது கடைசித் தட்டு மட்டும்தான்."

"அந்தத் தட்டை நான் முன்னாடி எல்லாம் உள்ள போடுவேன் மாப்ள." முன்னேற்றம் டம்ளரைக் கீழே வைத்தார். வகுப்பில் யாரும் கேட்டிராத குரல். "இருபத்திரண்டுல கெடந்தப்போ எனக்கு வேற எதுவும் வராது. பந்து காட்டுக்குப் போகும், கொளத்துக்குப் போகும். ஆனா கிட்ட வந்துட்டா விடமாட்டேன். கண்ணை மூடிட்டுப் போடுவேன். இவனைக் கேளுங்க."

பல் டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். இந்தத் தடவை அவருக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

"இப்போ ஒரு முழத்துல இருந்து கூட உள்ள போகல. இவ்வளவு நாளும் நான் முன்னேறிட்டு இருக்கேன்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு, தெரிஞ்ச ஒண்ணையும் மறந்திருக்கேன். நீங்க குடுக்கல மாப்ள. எடுத்துட்டீங்க."

மருமகன் தரையைப் பார்த்தான். "சாரி மாமா."

"யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க? உங்களுக்கா இந்த யோசனை வராது."

அவன் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான். அவன் யார் பேரையும் காட்டிக் கொடுக்கத் தயங்குகிறான் என்றால் அந்தப் பேர் வீட்டுக்குள் இருக்கிற பேர்.

"அத்தையா?"

"மாமா, தண்ணி குடிங்க மாமா."

அப்புறம் நடந்த ஆட்டத்தை விவரிப்பது பாவம். ஒரு குழியில் கோபத்தோடு தட்டினார், பந்து கிரீனைத் தாண்டி மணலுக்குள் போனது. இன்னொன்றில் பொறுமையோடு தட்டினார், பாதி வழியில் நின்றது. கோபமும் பொறுமையும் ஒரே பலனைத் தருகின்றன என்ற உண்மையை அவர் எந்தப் படத்திலும் போட்டதில்லை. வேறு இடங்களில் அன்று அவர் ஆடியது அவர் வாழ்நாளிலேயே நல்ல ஆட்டம். அதுதான் வயிற்றெரிச்சல். அடித்த அடியெல்லாம் குழியின் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. உள்ளே போகத்தான் வழி தெரியவில்லை. மருமகன் ஒவ்வொரு தடவையும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்ததும் விதி கார்டை நீட்டினார். "கூட்டிப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. ஒண்ணு சொல்லிடறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கார்டும் உங்க பதினேழும் ஒண்ணுக்கொண்ணு முகம் பாக்கல. குழு கூடினா பழைய எண்ணுக்கே திருப்பி வெக்கச் சொல்லுவேன். இருபத்திரண்டோ, இன்னும் ஒண்ணு ரெண்டு கூடவோ."

விதி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்துப் பல் டாக்டர் முன்னேற்றத்தின் காதருகே வந்தார். "யோவ், முதுகைப் பிடி."

"எதுக்கு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு, ஆட்டத்தை முடிக்கலன்னு சொல்லிடு. கார்டு குடுக்கலேன்னா கணக்குல ஏறாது. நான் சாட்சி. வேணும்னா நானே மருந்தும் எழுதித் தரேன்."

"நீ பல்லுக்குத்தானே எழுதுவ?"

"முதுகெலும்பும் எலும்புதானே."

முன்னேற்றத்தின் கை தன்னையறியாமல் முதுகுப் பக்கம் போகத்தான் செய்தது. நாளைக் காலை முதலாளி முன்வரிசையில் உட்காரப் போகிறார். முதுகுவலிக்காரரிடம் யாரும் புள்ளி எங்கே என்று கேட்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் நெளிந்தால் அனுதாபம்கூடக் கிடைக்கும். பக்கத்தில் மருமகன் பையைத் தோளில் மாட்டியபடி நின்றான். இதையும் மாமா எடுத்துக்கொள்ளட்டும் என்று அவன் முகமே வேண்டிக்கொண்டது. அந்த முகத்தைப் பார்த்ததும் முன்னேற்றத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று பல் டாக்டரின் பேனாவைப் பிடுங்கி, கூட்டிக்கூடப் பார்க்காமல், கார்டு கிழிகிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு எந்த நிம்மதியும் வரவில்லை. பசிதான் வந்தது.

போட்டி நாளில் குடும்பங்களும் மதிய விருந்துக்கு வருவது வழக்கம். அவர் மனைவியும் வந்திருந்தாள். மேஜையில் கணவரைக் காணாமல் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். கட்டடத்துக்குப் பின்னால் பழகுவதற்கென்று விட்டிருந்த சின்னப் புல்தரையில், குழியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பந்தை வைத்து, முன்னேற்றம் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதும், தவறுவதும், போய் எடுத்து வந்து வைப்பதுமாக இருந்தார்.

"சாப்பிட வரலையா? எல்லாம் ஆறுது."

"நீதான் சொன்னியா?"

அவள் எதை என்று கேட்கவில்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை ஒரு சின்ன உதவி பண்ணுங்க, கொஞ்சம் பாத்து விளையாடுங்கன்னு சொன்னேன். இவ்ளோ தாராளமாப் பண்ணுவார்னு எனக்குத் தெரியாது."

"ஏன்டி?"

"ஏன்னா நீங்க தோத்துட்டு வந்தா வீடு முன்னேறணும்." அவள் ஈரப் புல்லில் செருப்பு வழுக்காமல் பார்த்து நடந்து வந்து, ஓரத்தில் இருந்த பெஞ்சில் கைப்பையை வைத்தாள். "ஃப்ரிட்ஜ் முன்னேறணும், அதுல இருக்கற டப்பா எல்லாம் தேதிவாரியா நிக்கணும். நான் காரை ரிவர்ஸ் எடுக்கறது முன்னேறணும், பக்கத்துல நின்னு கையில கடிகாரம் வெச்சுப் பாப்பீங்க. நான் தூங்கறதுல கூட ஏதோ முன்னேறணும்னு ஒரு தடவை சொன்னீங்க. என்னால முடியலங்க. நீங்க அங்கயே முன்னேறிட்டு வந்தா, வீட்ல நாங்க இருக்கற மாதிரி இருக்கலாம்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் இருந்தோம். நல்லாத்தான் இருந்துச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே அவரே நின்றார்.

"நாளைக்கு முதலாளி வரார்" என்றார்.

"என்ன காட்டப் போறீங்க?"

"புள்ளி வெச்சுத்தான் ஆகணும். கோடு மேல போகும்."

"மேல போனா நல்லதுதானே?"

"இல்ல. இதுல மேல போனா மோசம்."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கு" என்று எரிந்து விழுந்தார். "எனக்குத் தெரியுதே, அது போதாதா? அங்க நின்னு எல்லார் எதிர்லயும் சொல்லப் போறேன். ஐம்பத்தாறு வயசுல மனுஷன் முன்னேற முடியுமான்னா எனக்குத் தெரியாதுன்னு சொல்லப் போறேன். அவன் பக்கத்துல யார் யார் நிக்கறாங்கன்னு மொதல்ல பாருங்கன்னு சொல்லப் போறேன்."

"அதுக்கும் ஒரு படம் போடுவீங்க."

"போட மாட்டேன்."

"போடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?"

அவர் குனிந்து பந்தை வைத்தார். உள்ளே ஒலிபெருக்கியில் யாரோ ஒருவருக்குக் கோப்பை கொடுத்தார்கள், கைதட்டல் கேட்டது. அவர் தட்டினார். பந்து குழியின் உதட்டுவரை போய் அங்கேயே நின்றுவிட்டது. ஒருத்தர் ஊதினால் விழும்.

"அட, அதான் வந்துடுச்சே" என்றாள் மனைவி. "அதை எடுத்துக்குங்க. எனக்குப் பசிக்குது."

"குடுக்காத."

"என்னது?"

"எனக்கு யாரும் எதுவும் குடுக்க வேணாம். நீ போய்ச் சாப்பிடு."

அவள் போகவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையை மடிக்கு மாற்றிக்கொண்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சரி, போடுங்க. விழட்டும். அப்புறம் போலாம்."

அவர் அந்தப் பந்தை உள்ளே தள்ளவில்லை. கையால் எடுத்து, மறுபடி ஒரு முழம் தள்ளி வைத்தார். தட்டினார். வலது பக்கமாகப் போனது. எடுத்து வந்து வைத்தார். தட்டினார். இடது பக்கமாகப் போனது. வியர்வை புருவத்தில் வந்து நின்றது. அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்கு ஒரு கணம் இருந்தது.

அவள் செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கால்களைப் புல்லில் நீட்டிக்கொண்டு, அடுத்த தட்டுக்காகக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.